பேனாவுக்கு ஒரு கரை
ட்யூட்டி முடிந்தால் எனக்குப் பேனா கடைவதுதான் பொழுதுபோக்கு, மக்களே. திருவள்ளூர் ரங்கா பேனா மாதிரி எபொனைட்டில். நடுவே, ஆரணிப் பட்டுக்குக் கரை போல, மெல்லிசாக ஒரு கலர் வளையம் வைக்க ஆசை.

பிளாஸ்டிக் ஃபைலை வெட்டினேன். பாலிபுரொப்பிலீன், பசை பிடிக்கலை.

அப்பாவோட ஏடிஎம் கார்டு ஞாபகம் வந்தது. அவர் போனதும் 'வெட்டிப் போட்டுடுங்க'ன்னு பேங்க்கில் சொன்னாங்க. வெட்டினேன், போட மனசு வரலை.

பிவிசி, கனம் 0.76 மி.மீ. உப்புத்தாளில் தேய்ச்சு ஆரல்டைட் வச்சா பிடிச்சுக்குது. ஆனா கலர் மேலே அச்சு மட்டும்தான். கடைஞ்சா ஓரத்தில் வெள்ளைதான் தெரியுது.

நீங்க செய்தால் மாஸ்க் போடுங்க, லேத்தை மெதுவா ஓட்டுங்க. பிவிசி ரொம்பச் சூடானால் வரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலுக்கு ஆகாது.

கலர் தேடினேன், வெள்ளை கிடைச்சது. செய்யாறு ஓபியில் இப்போ சீட்டு எழுதுறது அந்தப் பேனாவில்தான்.