கிப்லாவைக் காட்டிய அம்பு



சென்ற கோடை விடுமுறையில், ஓதல் வகுப்பு முடிந்தபின் தினமும் அரை மணி நேரம் நம் மக்தப் மாணவர்களுக்கு ‘ஸ்க்ராட்ச்’ கற்றுக்கொடுத்தோம். எம்.ஐ.டி. மீடியா லேப் 2007இல் வெளியிட்ட இம்மென்பொருளில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. வண்ணக் கட்டைகளை ஒன்றின்கீழ் ஒன்றாகக் கோத்தால் திரையிலுள்ள படம் நகரும், திரும்பும், பேசும். ஒரு வாரம் பூனையை நடக்கவிட்டு மகிழ்ந்த பிள்ளைகள், “ஹஜ்ரத், கிப்லா காட்டும் அம்பு ஒன்றைச் செய்வோமா?” என்று கேட்டனர். மகிழ்ச்சியோடு சம்மதித்தோம்.

ஓர் ஊரின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மக்காவின் அளவுகளோடு சேர்த்துக் கணக்கிட்டால், வடக்கிலிருந்து எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்பது கிடைத்துவிடும். சென்னைக்குக் கிடைக்கும் விடை ஏறத்தாழ 288 பாகை. அதாவது நேர் மேற்கிலிருந்து 18 பாகை வடக்கே சாய்ந்த திசை.

முதல் நாள் அம்பு தென்மேற்கையும் தாண்டித் தெற்கு நோக்கி நின்றது. கணக்கு சரியாகவே இருந்தது. பிழை படத்தில் இருந்தது. ஸ்க்ராட்சில் திருப்பப்படாத படம் வலப்பக்கம் நோக்குவதாகவே கொள்ளப்படும். நம் பிள்ளைகளோ அம்பை மேல்நோக்கி வரைந்திருந்தனர். ஆகவே எல்லாத் திசையும் 90 பாகை பிசகிற்று. படத்தை மாற்றி வரைந்ததும் அம்பு நம் பள்ளிவாசலின் மிஹ்ராபோடு ஒத்து நின்றது. பிள்ளைகள் தக்பீர் முழங்கினர். நாமும் பெருமிதம் கொண்டோம். அந்தப் பெருமிதமே நம்மைச் சறுக்கியது.

மாணவர் ஒருவர் அதை லண்டனில் இருக்கும் தம் சாச்சாவுக்கு அனுப்பிவைத்தார். புதிதாகக் குடியேறிய அறையில் அவர் அந்த அம்பைப் பார்த்து இஷா தொழுதிருக்கிறார். மறுநாள் அருகிலுள்ள பள்ளிக்குச் சென்றபோதுதான், முந்திய இரவு கஅபாவுக்கு முதுகைக் காட்டித் தொழுதது தெரிந்தது. “ஹஜ்ரத், சாச்சா எதிர்த்திசையில் தொழுதுவிட்டார்களாம்” என்று அச்சிறுவர் தலைகுனிந்து சொன்னபோது நமக்கு நெஞ்சு படபடத்தது. அந்தத் தொழுகையைத் திரும்பத் தொழுதுவிடுவதே பேணுதல் என்று சொல்லியனுப்பிவிட்டு, கணக்கைப் பரிசோதிக்க அமர்ந்தோம்.

இரவு நெடுநேரத்திற்குப் பின்னரே பிழை பிடிபட்டது. கணக்கின் இறுதியில் இரண்டு எண்கள் கிடைக்கும். ஒன்று கிழக்கு மேற்கு பற்றியது, மற்றது வடக்கு தெற்கு பற்றியது. ஒன்றை மற்றதால் வகுத்து, ‘ஏடேன்’ என்னும் கட்டையிடம் கொடுத்தால் அது பாகையைத் தரும். சென்னைக்கு முதல் எண் எதிர்மறை, இரண்டாவது நேர்மறை. லண்டனுக்கு முதல் எண் நேர்மறை, இரண்டாவது எதிர்மறை. வகுத்தபின் இரண்டு ஊருக்கும் எதிர்மறை விடையே வரும். எந்த எண்ணில் குறி இருந்தது என்ற செய்தி வகுத்தலில் அழிந்துபோகிறது. எனவே லண்டனுக்குத் தென்கிழக்கில் 119 பாகை என்று காட்ட வேண்டிய அம்பு, வடமேற்கில் 299 பாகையைக் காட்டியது. இரண்டாவது எண் எதிர்மறையாயின் விடையோடு 180ஐக் கூட்டு என்று ஒரே ஒரு கட்டையைச் சேர்த்ததும் சரியாயிற்று.

பிழை சிறிதுதான். ஆனால் நம் ஊரில் சரியாக இருந்தது உலகெங்கும் சரியாகவே இருக்கும் என்று எண்ணியது சிறிய தவறன்று. அல்பீரூனி அவர்கள் 1025இல் எழுதிமுடித்த நூலில் கஸ்னா நகரின் கிப்லாவை ஒரே வழியில் கணித்து நிறுத்திவிடவில்லை. பல வழிகளில் கணித்து ஒப்பிட்டார்கள். கையில் கணினி இல்லாத காலத்தில் அவர்கள் காட்டிய கவனத்தில் ஒரு பங்கும் நம்மிடம் இல்லை. அடுத்த நாள் வகுப்பில் பிள்ளைகள் முன்பாகவே, “சோதிக்காமல் அனுமதித்தது நம் தவறு, உங்கள் தவறன்று” என்று ஒப்புக்கொண்டோம்.

அதன்பின் அம்பை எப்படி அமைப்பது என்ற பேச்சு எழுந்தது. சிலர் மின்னும் நட்சத்திரங்களும் சுழலும் கஅபா படமும் வேண்டும் என்றனர். அப்போது ஒரு மாணவி, ஊரின் அளவைத் தராமல் வெறுமனே அழுத்தினாலும் அம்பு திசை காட்டுகிறதே என்று சுட்டிக்காட்டினார். சோதித்தோம். வெற்றிடத்தை ஸ்க்ராட்ச் சுழியம் என்று கொள்கிறது. ஆகவே ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, நடுக்கடலில் நிற்பவருக்குரிய திசையை அது தயக்கமின்றிக் காட்டிக்கொண்டிருந்தது!

அலங்காரத்தைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என முடிவு செய்தோம். ஊரின் அளவுகள் சரியாகத் தரப்படும்வரை அம்பு மறைந்தே இருக்கும். திரையின் மேற்பக்கம் ‘வடக்கு’ என்று பெரிய எழுத்தில் நிற்கும். மார்க்கத்தில் தெரியாததைக் கேட்டால் ‘அல்லாஹு அஃலம்’ என்று சொல்லப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், நம் அம்புக்கும் அந்த அதபைக் கற்பித்தோம்.

மே 28ஐ ஒட்டி, இந்திய நேரம் பிற்பகல் 2.48 மணியளவில் சூரியன் கஅபாவின் நேர் உச்சிக்கு வருகிறது. அவ்வேளையில் சூரியனை முன்னோக்குபவர் கிப்லாவை முன்னோக்குகிறார். முற்றத்தில் ஒரு கம்பை நட்டு, நிழலின் எதிர்த்திசையை அம்போடு ஒப்பிட்டோம். லண்டனில் அப்போது காலை 10.18. சாச்சாவும் தம் ஜன்னலோரம் நிழல் பார்த்தார். இரண்டு ஊர்களிலும் அம்பு ஒத்துவந்தது. இம்முறை யாரும் முழங்கவில்லை. மெதுவாக அல்ஹம்து லில்லாஹ் என்றனர்.

நாம் பிறருக்குக் காட்டும் ஒவ்வொரு திசையும் அமானிதம். அதைச் சோதித்துக் காட்டும் பொறுமையையும், பிசகினால் ஒப்புக்கொள்ளும் துணிவையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நல்குவானாக. ஆமீன்.