கூறை எடுக்கப் போன மூன்று பேர்

வீட்டில் ஆண் துணை இல்லாத மூன்று பெண்கள் கடல் கடந்து போவதென்றால் அயலவர் கேட்காமல் இருப்பார்களா? "ஆரோடை போறியள்?" என்பதுதான் முதற் கேள்வி. போனது நான், என் அம்மா, என் மாமி. அம்மாவுக்கு வயது 74. என் கணவரின் தாயான மாமிக்கு 79. எனக்கு 51. மூவருமே கணவரை இழந்தவர்கள். போன அலுவலோ என் மகனின் திருமணத்துக்குக் கூறை எடுப்பது!

எங்கள் வழக்கம் தெரிந்த சகோதரிகளுக்கு இதிலுள்ள சிக்கல் உடனே விளங்கும். கூறையை மாப்பிள்ளை வீட்டார்தான் எடுக்க வேண்டும். அதையும் ஒரு சுமங்கலியின் கையால் எடுப்பதுதான் நல்லது என்பார்கள். அதற்காகவே என் தங்கையும் எங்களுடன் வருவதாக இருந்தது. நால்வருக்கும் கடவுச்சீட்டு, விசா, கப்பல் ரிக்கற் எல்லாம் சரி. புறப்பட இரண்டு நாள் இருக்கையில் அவளுடைய சின்ன மகனுக்கு டெங்குக் காய்ச்சல் என்று வைத்தியசாலையில் மறித்துவிட்டார்கள். கட்டிய காசு போய்விடும், திருமணத்துக்கும் நாள் வைத்தாயிற்று. என்ன செய்வது?

மாமிதான் வழி சொன்னார். "போய்ப் பாப்பம் பிள்ளை. பிடிச்சதைப் போனிலை படம் எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்புவம். அவள் ஓம் எண்டால் கடைக்காரன் மடிச்சுக் கட்டித் தரட்டும். நாங்கள் கை வைக்கத் தேவையில்லை."

மாமி கல்நெஞ்சக்காரி அல்ல. 2000ஆம் ஆண்டு தென்மராட்சிச் சண்டையில் செல் விழுந்து என் கணவர் இறந்தபோது மகனுக்கு நான்கு வயது. அன்றிலிருந்து மாமி என்னைத் தன் மகளாகவே வைத்திருந்தார். நான் தையல் தைத்தேன். அவர் பிள்ளையைப் பார்த்தார். ஆனால் நல்ல காரியம் என்று வந்தால், "நாங்கள் கொஞ்சம் பின்னாலை நிப்பம் பிள்ளை" என்பார். 2003இல் என் தங்கையின் கலியாணத்தன்று நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

2025 பங்குனியில் காங்கேசன்துறையில் கப்பல் ஏறினோம். நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் 2023 ஒக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆவணியில் 'சிவகங்கை' என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. மாரிக் கடலுக்கு அது நின்றுவிடும். போக விரும்புவோர் நாளை நன்றாக விசாரித்துக்கொண்டே ரிக்கற் போட வேண்டும். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானமும் உண்டு. ஆனால் நாங்கள் பார்க்க விரும்பிய ஊர்கள் எல்லாம் நாகபட்டினத்துக்குக் கிட்ட என்பதால் கப்பலே வசதியாக இருந்தது. ஏறக்குறைய நான்கு மணித்தியாலப் பயணம்.

அம்மாவுக்கு இது இரண்டாவது இந்தியப் பயணம். 1972இல் ஐயாவுடன் யாழ்ப்பாணத்தில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து இராமேஸ்வரம் போனவர். அந்தக் கப்பல் 1984இல் நின்றுபோனது. "அப்ப சாப்பாட்டுப் பெட்டியோடை போனனாங்கள், இப்ப மருந்துப் பெட்டியோடை போறன்" என்று அம்மா சிரித்தார்.

மாமி சிரிக்கவில்லை. கப்பல் துறையை விட்டு விலகியதும் கிழக்குப் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தெரிந்தது மயிலிட்டிக் கரை. மாமியின் ஊர். 1990 ஆனியில் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்ட ஊர். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஆடியில் விடுபட்டது. மாமியின் காணி இன்னும் வேலிக்கு உள்ளே. "அலுமாரியின்ரை மேல்தட்டிலை என்ரை கூறை இருந்தது பிள்ளை. அரக்குக் கலர். கரையிலை மயில். ரண்டு நாளிலை வந்திடுவம் எண்டுதான் எடுக்கேல்லை" என்றார். இத்தனை ஆண்டுகளில் வீட்டைப் பற்றி, கிணற்றைப் பற்றி, மாமரத்தைப் பற்றியெல்லாம் சொல்லியிருக்கிறார். கூறையைப் பற்றி அன்றுதான் சொன்னார்.

பொழுதுபடும் நேரம் நாகபட்டினம் போய்ச் சேர்ந்தோம். வயதானவர்களோடு போகும் சகோதரிகளுக்கு ஒரு சொல்: கீழ்த்தட்டில்தான் அறை கேளுங்கள். மருந்துகளை வைத்தியரின் துண்டோடு கைப்பையிலேயே வையுங்கள். காசை மூன்று இடங்களில் பிரித்து வையுங்கள். அப்போது ஓர் இந்திய ரூபாய் எங்கள் காசில் ஏறக்குறைய மூன்றரை ரூபாய். விலையைக் கேட்டதும் மலிவு என்று மயங்கிவிடக் கூடாது. பெருக்கிப் பார்த்த பிறகுதான் வாங்க வேண்டும்.

மறுநாட் காலை லொட்ஜ் வாசலில் மீன் விற்ற அம்மா ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு, "சிலோனாம்மா?" என்று விசாரித்தார். ஓம் என்றதும், "சுனாமி அன்னிக்கு உங்க பக்கமும் வந்துச்சாமே" என்றார். 2004 மார்கழி 26இல் நாகபட்டின மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் வடமராட்சி கிழக்கிலும் அதே கடல் அதே காலையில்தான் ஊருக்குள் வந்தது. அவர் தன் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவர். மாமி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருவரும் அதிகம் கதைக்கவில்லை.

அன்று வேளாங்கண்ணி மாதாவையும் நாகூர் தர்காவையும் கும்பிட்டுவிட்டு, வாடகைக் காரில் காரைக்கால், தரங்கம்பாடி வழியாகச் சிதம்பரம் போனோம். எங்கள் முன்னோர் காணி பூமியைச் சிதம்பரத்துக்கென்று எழுதிவைத்தவர்கள். நல்லூர் ஆறுமுக நாவலர் 1864இல் அங்கே சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார். கோயிலுக்குள் நின்று மாமி, "எங்கடை ஊர்க் கோயில் மாதிரித்தான் கிடக்கு, பெரிசு மட்டும்" என்றார்.

அங்கேதான் அம்மா தலை சுற்றி இருந்துவிட்டார். விசாரித்தால், வழியில் மலசலகூடம் தேட வேண்டி வரும் என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லையாம்! பெண்கள் பயணத்தில் செய்யும் பெரிய பிழை இது. வெயில் ஊரில் வயதானவர்களுக்கு ஆபத்தும் கூட. அதன் பின் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை சாரதித் தம்பியே நல்ல இடம் பார்த்துக் காரை நிறுத்தினார். வெட்கப்படாமல் கேட்டால் உதவி செய்கிறார்கள்.

மூன்றாம் நாள் கூறைக்காக ஒதுக்கியது. முதலில் மயிலாடுதுறையிலுள்ள கூறைநாட்டுக்குப் போனோம். பேச்சு வழக்கில் கொரநாடு என்கிறார்கள். கூறை என்றால் பழைய தமிழில் துணி. பட்டும் பருத்தியும் கலந்து, கட்டம் போட்டு, அகலக் கரை வைத்து நெய்த சேலைகளுக்குப் பேர்போன இடம். நாங்கள் போன தெருவில் தறிச்சத்தம் கேட்கவில்லை. ஒரு கடையில் "அசல் கைத்தறிப் பட்டும்மா" என்று ஒரு சேலையை விரித்தார்கள். அம்மா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கிள்ளினார். அம்மா இளமையில் ஊர் நெசவு நிலையத்தில் வேலை செய்தவர். வெளியே வந்து எனக்குப் பாடமே நடத்தினார். கைத்தறியில் துணியை இழுத்துப் பிடிக்கும் ஊசிகளின் சிறிய துளைகள் இரு ஓரங்களிலும் தெரியும். விசைத்தறியில் ஓரம் ஒரே சீராக இருக்கும். பட்டு நூலில் ஒரு துண்டைக் கொளுத்தினால் மயிர் எரிந்த மணம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை நூல் என்றால் உருகிக் கட்டியாகும். இவற்றோடு 'சில்க் மார்க்' முத்திரையையும் பார்த்து வாங்க வேண்டும்.

அங்கிருந்து கும்பகோணம் வீதியில் திருபுவனம் போனோம். மூன்றாம் குலோத்துங்க சோழன் கட்டிய கம்பகரேசுவரர் கோயில் உள்ள ஊர். நெசவாளர்களில் பெரும்பாலோர் சௌராட்டிரர். அவர்களின் பட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலையை விசிறி போல மடித்து வைப்பது இவர்களின் தனி வழக்கம்.

ஒரு கடையில் பாயில் இருந்தோம். விற்பனைக்கு நின்ற பிள்ளை விசிறி மடிப்புகளை ஒவ்வொன்றாக உதறி விரித்தாள். நாங்கள் மூவரும் கையை மடியில் வைத்தபடி, "உது வடிவு", "அது வேண்டாம்" என்று வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தோம். அவளுக்கு எங்கள் சங்கதி தெரியாது. "தொட்டுப் பாருங்க பாட்டி, தொட்டாத்தான பட்டு தெரியும்" என்று சொல்லி அரக்கு நிறச் சேலை ஒன்றை மாமியின் மடியில் போட்டுவிட்டாள்.

மாமி திடுக்கிட்டார். தள்ளிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவருடைய பார்வை கரையில் நின்றது. கரை நெடுக மயில்கள். மெல்ல ஒரு விரலால் ஒரு மயிலைத் தடவினார். பிறகு முழுக் கையையும் வைத்தார்.

நான் போனை எடுத்தேன். "தங்கச்சிக்குப் படம் அனுப்பட்டே மாமி?"

"வேண்டாம்" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவனைப் பெத்தது நீ. இந்தத் தையல் மெசினிலை இருந்து வளர்த்ததும் நீ. இண்டைக்குக் காசு குடுக்கிறதும் நீ. பேந்தேன் இன்னொருத்தி எடுக்க வேணும்? இந்தா, நீ எடு."

"ஆக்கள் ஏதும் சொல்லுவினம் மாமி."

"சொல்லட்டும். செல் விழேக்கை வந்து நிண்ட ஆக்களே?"

அம்மா முகத்தைத் திருப்பிச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். நான் அந்தக் கூறையை இரண்டு கையாலும் வாங்கினேன். இருபத்தைந்து ஆண்டுகளாக ஊர்ப் பிள்ளைகளின் எத்தனையோ கலியாணச் சட்டைகளை இந்தக் கையால்தான் தைத்திருக்கிறேன். அவை மணவறைக்குப் போயின. நான் போகவில்லை. விலை 18,500 இந்திய ரூபாய். இரண்டு சீட்டுக் காசும் தையற் காசும் சேர்த்து எண்ணிக் கொடுத்தேன்.

பிறகு நாங்கள் வாங்கியவை பெரிதாக ஒன்றுமில்லை. கும்பகோணத்தில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு, அம்மாவுக்கு இரண்டு பருத்திச் சேலை, தங்கையின் பிள்ளைகளுக்கு உடுப்பு. மறுநாள் 1010இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு நாகபட்டினம் திரும்பினோம். தங்கையின் மகனுக்குச் சுகம் என்று செய்தி வந்திருந்தது. கப்பலில் மாமி கூறைப் பொதியைப் பெட்டியில் வைக்க விடவில்லை. காங்கேசன்துறை வெளிச்சவீடு தெரியும்வரை மடியிலேயே வைத்திருந்தார்.

ஆவணியில் திருமணம் நடந்தது. பொன்னுருக்கு அன்று உறவுக்காரப் பெண் ஒருவர் கூறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல வடிவு, ஆர் எடுத்தது?" என்று கேட்டார். நான் வாய் திறக்க முன்னரே மாமி சொன்னார்: "பெடியன்ரை தாய்."

அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்று நான் குசினிக்குப் போகவில்லை. மாமியும் நானும் முன்வரிசையில் இருந்தோம்.

எல்லோருக்கும் கப்பலேறிப் போக முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் பிள்ளையின் கூறை நல்லூர்க் கடையில் எடுத்தாலும் சுன்னாகத்தில் எடுத்தாலும், சகோதரி, அதைத் தொட்டுப் பார்த்து நீங்களே எடுங்கள்.