சோடா பாட்டில் ஏரி!

ஹாஸ்டல் ரூம்ல ஆப்பிரிக்கா மேப் இருந்தா எடுங்க. சகாரா, நைல் எல்லாம் ஸ்கூல்லயே பார்த்தாச்சு. வலது பக்கமா, மேலேர்ந்து கீழே விரலை ஓட்டுங்க. வெண்டைக்காய் அடுக்கின மாதிரி ஒல்லி ஒல்லியா ஏரிகள் தெரியுதா? ஆல்பர்ட், எட்வர்ட், கிவு, டாங்கனிகா, மலாவி. எல்லாம் ஏன் ஒரே வரிசையில நிக்குது?

ஏன்னா, அங்கே கண்டமே கிழியுது பாஸ்! கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கு. எத்தியோப்பியாவின் அஃபார்ல ஆரம்பிச்சு மொசாம்பிக் வரைக்கும் நீளுது. வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் விலகுது. நம்ம நகம்கூட இதைவிட வேகமா வளரும். ஆனா, 2 கோடி வருஷத்துக்கு மேல இதே வேலையா இருந்தா? நிலம் உள்ளே இறங்கும், தண்ணி நிறையும். டாங்கனிகாவோட ஆழம் சுமார் 1,470 மீட்டர். உலகத்துல ரெண்டாவது ஆழமான ஏரி. ஆப்பிரிக்காவின் பெரிய ஏரியான விக்டோரியாவோ, பிளவின் ரெண்டு கிளைகளுக்கு நடுவுல தாம்பாளத் தட்டு மாதிரி படுத்திருக்கு. ஆழம் அதிகபட்சம் 80 மீட்டர் சொச்சம்தான்!

வரிசையில வில்லன் யாருன்னா, கிவு. ருவாண்டாவுக்கும் காங்கோவுக்கும் நடுவுல, பார்க்க ஊட்டி ஏரி மாதிரி சாதுவா இருக்கும். ஆனா, அடியில சுமார் 300 கன கிலோமீட்டர் கார்பன் டை ஆக்சைடும் 60 கன கிலோமீட்டர் மீத்தேனும் கரைஞ்சு கிடக்கு. மேல இருக்கிற தண்ணியோட அழுத்தம்தான் மூடி. மூடி திறந்தா?

1986 ஆகஸ்ட் 21 ராத்திரி கேமரூன்ல இருக்கிற நியோஸ் ஏரியில திறந்துச்சு. காற்றைவிடக் கனமான அந்த வாயு பள்ளத்தாக்குல இறங்கி, 1,700 பேருக்கு மேல மூச்சுத் திணறி இறந்தாங்க. கிவு அதைவிடப் பல மடங்கு பெரிசு. கரையில சுமார் 20 லட்சம் பேர் இருக்காங்க. பக்கத்துலயே நியிராகோங்கோ எரிமலை வேற! 2002-ல அதோட லாவா ஏரிக்குள்ளேயே இறங்குச்சு. நல்லவேளை, ஆழத்துக்குப் போகலை.

இங்கதான் நம்ம ஆளுங்க என்ட்ரி. ருவாண்டாவுல 2016-ல திறக்கப்பட்ட கிவுவாட் மின்நிலையம், 26 மெகாவாட். ஏரியில மிதக்கும் மேடையிலேர்ந்து சுமார் 350 மீட்டர் ஆழத்துக்கு பைப் விட்டிருக்காங்க. தண்ணி மேல வர வர அழுத்தம் குறையும், வாயு குமிழ் குமிழா பிரியும். மீத்தேன் கரண்ட் ஆகுது, தண்ணி திரும்ப ஏரிக்கே போகுது. எந்த ஆழத்துல விடுறோம்கிறதுதான் சூட்சுமம். கனமான தண்ணி கீழே, லேசானது மேலேன்னு இருக்கிற அடுக்கு கலைஞ்சா, காப்பாத்தப் போன பைப்பே ஆபத்தாயிடும்.

ஒரு கண்டம் கிழியறதை யாராலும் தைக்க முடியாது. அதுல தேங்கின வாயுவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா இறக்கலாம். அதுக்கு ஃபர்ஸ்ட் இயர்ல நாம தூக்கக் கலக்கத்துல எழுதின ஹென்றி விதி போதும். நோட்டு இன்னும் இருந்தா, ஒருவாட்டி புரட்டிப் பாருங்க!