முகம் தேய்ந்த காசு

என் வாப்பும்மாவின் வாப்பாவுக்கு அந்தக் காலத்தில் தெல்தோட்டை பசாரில் ஒரு சில்லறைக் கடை இருந்தது. சம்பள நாளில் லூல்கந்துர பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் காசெல்லாம் அந்தக் கல்லாப்பெட்டியில்தான் விழுமாம். அதில் மிஞ்சியது எட்டு ஐம்பது சதக் காசுகள். வெள்ளைத் துணியில் முடிந்து வைத்திருந்தார் வாப்பும்மா.

சென்ற விடுமுறையில் அந்த முடிச்சை என் கையில் தந்தார்.

"மகள், நீங்களும் தங்கச்சியும் சரி பாதியா எடுத்துக்கொள்ளுங்க. நீங்க பங்கு வைங்க, அவ முதல்ல எடுக்கட்டும்."

எட்டை நான்கு நான்காகப் பிரிப்பது பெரிய வேலையா என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வாசித்து அறிந்த ஒன்று நினைவுக்கு வந்தது. இலங்கையின் ஐம்பது சதக் காசில் 1917 வரை நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி இருந்தது. முதலாம் உலகப் போரினால் வெள்ளியின் விலை ஏறியது. 1919 முதல் அது 55 பங்காகக் குறைந்தது. 1943 இல் வெள்ளியே இல்லாமற் போயிற்று. ஆனால் 1917 காசும் 1919 க்குப் பிந்திய காசும் ஒரே அளவு. அதே அரசரின் தலை. புதிதாக இருக்கும்போது இரண்டும் சுமார் 5.83 கிராம்.

எங்கள் காசுகளில் இரண்டில் 1917 என்றும் இரண்டில் 1926 என்றும் தெரிந்தது. மற்ற நான்கிலும் ஆண்டு தேய்ந்திருந்தது. ஒன்றில் அரசரின் முகம்கூட இல்லை.

முதலில் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. செம்பிலும் பித்தளையிலும்கூடக் காந்தம் ஒட்டாதே! அடுத்து ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஐஸ் துண்டு வைத்தேன். எல்லாம் ஒரே வேகத்தில் உருகின. வெள்ளியைப் போலவே செம்பும் வெப்பத்தை விரைவாகக் கடத்தும். சீமெந்துத் தரையில் போட்டு ஓசை கேட்கலாம் என்றபோது, "காசு நசுங்கும் புள்ள" என்று உம்மா தடுத்தார். அமிலத்தால் சோதிப்பது நகைக்கடைக்காரர் வேலை, வீட்டில் செய்யக்கூடாது.

கடைசியில் விஞ்ஞானப் பாடத்து ஆர்க்கிமிடிஸ்தான் கைகொடுத்தார். காசு தேயத் தேய நிறை குறையும், அடர்த்தி குறையாது. நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி என்றால் அடர்த்தி சுமார் 10.1, 55 பங்கு என்றால் 9.7.

0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசு ஒன்றை மாமாவிடம் இரவல் வாங்கினேன். தண்ணீர்க் கிளாஸைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கினேன். காசைத் தையல் நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீரில் முழுதாக மூழ்கவிட்டேன். அப்போது தராசு காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் நிறை. காசின் நிறையை அதனால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

ஆண்டு தெரிந்தவற்றை முதலில் பார்த்தேன். 1917 காசு இரண்டும் சேர்ந்து 11.26 கிராம், தண்ணீரில் 1.16. விடை 9.7! தலை சுற்றியது. குனிந்து பார்த்தால் காசின் அடியில் காற்றுக் குமிழ்கள். ஒரு துளி சவர்க்காரம் விட்டு மீண்டும் தொங்கவிட்டேன். இப்போது 1.11, விடை 10.1. 1926 காசுகள் 9.7 காட்டின.

ஆண்டு தெரியாத நான்கையும் ஒவ்வொன்றாக ஐந்து தடவை நிறுத்தேன். தனிக்காசில் வித்தியாசம் தராசின் கடைசி இலக்கத்தில்தான் தெரியும், அவசரப்பட முடியாது. மூன்று 9.7 பக்கம் நின்றன. முகமே இல்லாத அந்தக் காசு மட்டும் 10.1. எல்லாவற்றிலும் தேய்ந்தது, 5.27 கிராம்தான். ஆனாலும் நல்ல வெள்ளி.

நல்ல காசு மூன்று. சரி பாதியாக்க முடியாது. ஆளுக்கொரு 1917 வைத்தேன். முகமில்லாததையும் தேய்ந்த இரண்டையும் ஒரு குவியலில் சேர்த்தேன். 1926 இரண்டும் மீதி ஒன்றும் மற்றதில். இரண்டாவது குவியல் 22.5 கிராம், முதலாவது 21.9. ஆனால் நிறை குறைந்த குவியலில்தான் வெள்ளி ஒரு கிராம் அளவு கூட.

தங்கச்சி வந்து பார்த்தாள். முகம் தெளிவாகத் தெரிந்த குவியலை அள்ளிக்கொண்டாள். நான் வாய் திறக்கவில்லை. அவளாகத்தானே எடுத்தாள்?

அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஒரு கிராம் வெள்ளி பெரிய காசல்ல. ஆனால் அளவையில் மோசம் செய்வோரைப் பற்றி அல்குர்ஆனில் ஓர் அத்தியாயமே உண்டு என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்ததும் இதே வாப்பும்மாதான். தராசு என் கையில் இருந்தது. அது காட்டியதை நான் மறைத்தேன்.

சுபஹு தொழுதுவிட்டுத் தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிளாஸில் தொங்கவிட்டும் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"பரவாயில்ல ராத்தா, எனக்கு முகம் தெரியிற காசுதான் விருப்பம்."

தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்த வாப்பும்மா நிமிர்ந்தார்.

"இப்பதான் மகள் பங்கு சரியாச்சு."