கொட்டகைக்கு எட்டாத வைஃபை

போன மார்கழியில் எங்கள் தலைஈத்துக் கிடாரி ராத்திரியில் கன்று போட்டது. கொட்டகையில் கேமரா இருந்தும், வீட்டில் போனில் படம் வரவில்லை. விடிந்து போய்ப் பார்த்தால், மூக்கை மூடிய சவ்வை எடுத்துவிட ஆளில்லாமல் கன்று இறந்து கிடந்தது.

வீட்டிலிருந்து கொட்டகை 40 மீட்டர்தான். 'ஆறு ஆன்டெனா, தாராளமாக எட்டும்' என்று கடையில் சொன்னதை நம்பி ரூட்டர் வாங்கியிருந்தேன். பையில் உள்ள படத்தைப் பார்த்து விதை வாங்காதீர்கள் என்று ஊருக்குச் சொல்பவனும் நான்தான்!

ஆன்டெனா எண்ணிக்கையில் தூரம் இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் தரும். சுவர் தாண்ட 2.4 தான் தேவலை. தகரம் இரண்டையும் தடுக்கும், வாழைத் தோப்பின் ஈர இலைகளும் அலையை உறிஞ்சும். ரூட்டர் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும், கேமராவின் சின்னக் குரல் அதற்குத் திரும்பக் கேட்க வேண்டுமே!

கடைசியில் லேன் கேபிளைப் பைப்புக்குள் விட்டு மண்ணில் புதைத்து, கொட்டகையிலேயே ஒரு சிறிய ரூட்டர் வைத்தேன். இந்தக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். ஆன்டெனாவை நேராக நிமிர்த்தி வைத்தால் போதும். அலை பக்கவாட்டில் பரவும்.

புதிதாக வாங்கும் முன், போனைக் கையில் பிடித்துக் கொட்டகை வரை நடந்து, வைஃபை எங்கே அறுகிறது என்று பாருங்கள். அந்த மாடு மறுபடியும் சினை. இப்போது படம் தெளிவாகத் தெரிகிறது.