பிரிக்க முடியாத சொத்து

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், கார்மெல் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் ஹேஸ்டிங்ஸ் என்றொரு இயற்கைக் காப்பகம் உண்டு. ஓக் மரங்கள் செறிந்த அக்குன்றுகளுக்கு மனத்தளவில் என்னோடு வாருங்கள்.

முதிய மரமொன்றின் அருகே நின்று பாருங்கள். பட்டையெங்கும் துளைகள்; ஒவ்வொன்றிலும் ஓர் ஓக் கொட்டை இறுகப் பதிந்திருக்கும். இதுவே ஒரு மரங்கொத்திக் குடும்பத்தின் களஞ்சியம். செந்நிறத் தொப்பியும் வெண்விழியும் கொண்ட இப்பறவைகள் தலைமுறை தலைமுறையாகக் குடைந்ததில், சில மரங்களில் 50,000 துளைகள் வரை உண்டு. உலர்ந்து சுருங்கிய கொட்டை தளர்ந்துவிட்டால், அதை எடுத்துச் சிறிய துளைக்கு மாற்றுகின்றன.

1970-களிலிருந்து ஆய்வாளர்கள் இப்பறவைகளின் கால்களில் வண்ண வளையங்கள் இட்டு, எது எவருடைய பிள்ளை என்று குறித்து வருகின்றனர். சகோதரர்கள் ஒரே குடும்பத்தில் இணைந்து வாழ்கின்றனர். சகோதரிகள் ஒரே பொந்தில் முட்டையிடுகின்றனர். வளர்ந்த பிள்ளைகள் பிரிந்து செல்லாமல், இளைய குஞ்சுகளுக்கு இரையூட்டுகின்றனர். தாய் உள்ளவரை மகனும், தந்தை உள்ளவரை மகளும் அவ்வீட்டில் இணை சேர்வதில்லை.

எத்துணை இனிய கூட்டுக் குடும்பம் என்று வியக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். ஒரு சகோதரி முந்தி இட்ட முட்டையை மற்றவள் வெளியே தூக்கிச் சென்று உடைத்துவிடுகிறாள். அதை உண்பவர்களில் இட்டவளும் இருப்பதுண்டு! இருவரும் முட்டையிடத் தொடங்கிய பின்னரே இவ்வழிவு ஓய்கிறது. பிறகு இருவரும் சேர்ந்தே அடைகாக்கின்றனர்.

ஒரு குடும்பத்தின் தாய்ப்பறவைகள் அனைத்தும் மடிந்தால், அவ்விடத்தைப் பிடிக்க வெளியிலிருந்து சகோதரிகள் அணி அணியாக வந்து நாட்கணக்கில் போரிடுகின்றனர். 2020-இல் வெளியான ஆய்வின்படி, அந்தச் சண்டையை வேடிக்கை பார்ப்பதற்கென்றே மூன்று கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் பறவைகள் வருகின்றன!

இத்தனை பிணக்கிருந்தும் ஏன் பிரியவில்லை? அந்த மரத்தை வெட்டிப் பங்கிட இயலாது. தூக்கிச் செல்லவும் இயலாது. குளிர்காலத்தில் சேமிப்புத் தீர்ந்தால் குடும்பமே இடம்பெயர நேரிடும். ஒரு பறவையின் ஆயுளில் புதிதாய் அத்தகைய களஞ்சியம் சமைக்க முடியாது. ஆகவே பூசலைப் பொறுத்து, மரத்தைக் காக்கின்றன.

பூசலற்ற குடும்பம் எங்கும் இல்லை. பூசலினும் பெரிதாய்ப் பொதுவில் ஒன்று இருக்கிறதா என்பதே கேள்வி. அந்தக் குன்றில் இன்று கொட்டை வைக்கும் பறவை, தான் கண்டிராத முன்னோர் குடைந்த துளையில்தான் வைக்கிறது. நம் இல்லங்களில் அத்தகைய மரம் எது? சிந்தியுங்கள்.