விண்ணில் ஒரு பம்பரம்

வில்லியனூரில் குயவர் சக்கரம் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். வேகமாகச் சுழற்றிவிட்டால் அக்கனத்த சக்கரம் முளையின்மேல் அசையாமல் நிற்கும். வேகம் குறைந்தாலோ தள்ளாடும். சுழலும் பொருள் தன் அச்சின் திசையை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. இக்குணத்தைக் கொண்டே 1852-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி ஃபூக்கோ, பூமி தன்னைத்தானே சுற்றுவதைக் காட்டினார். அக்கருவிக்கு அவர் இட்ட பெயரே ஜைரோஸ்கோப்.

அறிவியல் கண்காட்சிக்கு நாங்கள் ஐவர் இதையே எடுத்துக்கொண்டோம். சைக்கிள் கடை அண்ணன் தந்த பழைய முன்சக்கரம்தான் எங்கள் கருவி. ஒருத்தி அச்சின் இரு முனைகளையும் பிடித்துக்கொள்ள, மற்றொருத்தி சுற்றிவிட்டாள். சாய்த்தால், அம்மாடி! சாய்த்த பக்கம் போகாமல் வேறு பக்கம் திமிறிக் கையையே முறுக்கியது.

ராக்கெட் செல்லும் வழியில் மைல்கல் ஏது? எப்பக்கம் திரும்பினோம் என்று ஜைரோஸ்கோப் சொல்கிறது. வேகம் எப்படி மாறுகிறது என்று முடுக்கமானி சொல்கிறது. இரண்டையும் கொண்டு கணிப்பொறி இடத்தைக் கணிக்கிறது. திசை 1 பாகை பிசகினால்? எங்கள் முக்கோணவியல் பாடத்தின்படி போட்டுப் பார்த்தோம். 1000 கிலோமீட்டர் தொலைவில் 17 கிலோமீட்டருக்கு மேல் விலகிவிடும். வில்லியனூரில் இறங்க வேண்டியவர் பாகூரையும் தாண்டிப் போய்விடுவார்!

இஸ்ரோவுக்கான இத்தகைய கருவிகள் திருவனந்தபுரத்து வட்டியூர்க்காவில் உருவாகின்றன. 2023 ஆகஸ்டு 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3 கலத்தில் இருந்தது லேசர் ஜைரோஸ்கோப். அதில் சக்கரமே கிடையாது. எதிரெதிர்த் திசைகளில் சுற்றிவரும் இரண்டு லேசர் கதிர்களின் வேறுபாடே திரும்பியதைக் காட்டிவிடுகிறது. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் அவர்கள் விழுப்புரத்துக்காரர். நம் வில்லியனூர் ரயில் போய்ச் சேரும் அதே விழுப்புரம்.

படம் வரையும்போதுதான் சண்டை வந்தது. நிலவு மட்டும் போதும் என்றாள் ஒருத்தி. "1944-இல் லண்டன்மீது விழுந்த வி-2 ஏவுகணையிலும் இதே கருவிதானே இருந்தது? 1980-இல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டை வெற்றிகரமாக ஏவிய அப்துல் கலாம் அவர்கள்தானே 1989-இல் அக்னி ஏவுகணையையும் ஏவினார்? அதை எப்படி மறைப்பது?" என்றாள் இன்னொருத்தி. நாட்டைக் காப்பதும் குற்றமா என்று மூன்றாமவள் கேட்டாள். சிஸ்டரிடம் போனோம். "நீங்களே பேசி முடிவு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் நடுவில் சக்கரமும், ஒரு புறம் நிலவும், மறுபுறம் ஏவுகணையும் வரைந்தோம். நிலவு மட்டும் போதும் என்றவளே ஏவுகணைப் பக்கம் நின்று விளக்கம் சொன்னாள்.

வந்திருந்த பாட்டி ஒருவர் இரண்டையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு சைக்கிள் சக்கரத்தைத் தம் கையில் வாங்கிக்கொண்டு, சுற்றிவிடச் சொன்னார்.